நடுக்கடலில் கேட்கும் கூலி

என்னிடம் சிறுவயதில் ஓதிய மாணவர் ஒருவர், இன்று அமெரிக்காவின் மயாமித் துறைமுகத்திலிருந்து புறப்படும் உல்லாசப் பிரயாணக் கப்பல் ஒன்றில் உணவு பரிமாறும் பணியில் இருக்கிறார். சென்ற விடுமுறையில் ஊர் வந்தவர் என்னைக் காண வீட்டிற்கு வந்தார். தேநீர் அருந்தியவாறு தம் பணியைப் பற்றிப் பலவும் சொல்லிவந்தவர், இடையில் ஒரு செய்தியைச் சொல்லிச் சற்று நிறுத்தினார்.

கப்பல் அலையில் ஆடிய ஓர் இரவு. தலைசுற்றலால் படுக்கையை விட்டு எழ இயலாத ஒரு மூதாட்டி, தொலைபேசியில் ஒரு கோப்பை சூப் கேட்டிருக்கிறார். இவர் கொண்டுபோய்க் கொடுத்தார். ரசீதில் கையொப்பமிடும்போது, "சாப்பாடெல்லாம் டிக்கெட்டிலேயே சேர்ந்தது என்றல்லவா சொன்னார்கள்?" என்று அம்மூதாட்டி கேட்டாராம். "ஆம் அம்மா, சூப்புக்கு விலையில்லை, அறைக்குக் கொண்டுவந்ததற்குத்தான் கட்டணம்" என்று இவர் விடை சொன்னாராம்.

"ஹஜ்ரத், நான் சொன்னது கம்பெனியின் விதிப்படி சரிதான். ஆனால் அதைச் சொல்லும்போது என் நாக்குக் கூசிற்று. அது ஏன்?" என்று கேட்டார்.

அக்கேள்விக்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை. அவர் விடைபெற்றுச் சென்ற பிறகு, கடற்பிரயாணம் பற்றி என்னிடமுள்ள நூல்களைப் புரட்டலானேன். கப்பலில் ஏறியவன் கூலி கொடுத்தபின், அக்கூலிக்குள் எது அடங்கும், எது அடங்காது என்னும் வழக்கு மிகப் பழையது என்பதைக் கண்டேன். அவ்வழக்கின் வரலாற்றையே ஈண்டு எழுதுகிறேன்.

இன்றைய செய்தி

முதலில் இன்றைய நிலையைத் தெளிவாக அறிந்துகொள்வோம். உல்லாசக் கப்பல் என்பது ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு ஆளைக் கொண்டுசேர்ப்பதற்காக ஓடுவதன்று. சில நாள்கள் கடலில் உலாவி, சில தீவுகளைத் தொட்டு, பெரும்பாலும் புறப்பட்ட துறைக்கே திரும்பிவருவது. தங்கும் அறை, உணவு, இசை, நீச்சற்குளம் ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை என்பதுதான் நெடுங்காலமாக அதன் பெருமையாகச் சொல்லப்பட்டு வந்தது. அறைக்கே உணவு வரவழைக்கும் 'ரூம் சர்வீஸ்' என்னும் வசதியும் அத்தொகைக்குள்ளேயே அடங்கியிருந்தது. கொண்டுவருபவர் கையில் ஓரிரு டாலர் வைப்பது வழக்கமேயன்றிக் கட்டாயமன்று.

இந்நிலை சிறிது சிறிதாக மாறிற்று. ராயல் கரீபியன் கம்பெனி நள்ளிரவுக்குப் பிறகு கொண்டுவரும் உணவுக்கு மட்டும் 3.95 டாலர் வாங்கிவந்தது. 2015 மார்ச் 1 முதல் நார்வீஜியன் குரூஸ் லைன் என்னும் கம்பெனி, பகலானாலும் இரவானாலும் அறைக்கு உணவு கொண்டுவர ஒரு தடவைக்கு 7.95 டாலர் என்று விதித்தது. காலையில் வரும் ரொட்டி, காப்பி போன்ற எளிய சிற்றுண்டிக்கு மட்டும் விலக்களித்தது. 2017-இல் ராயல் கரீபியனும் அதே 7.95 டாலரை நாள் முழுமைக்கும் விதித்து, அதன்மேல் நூற்றுக்கு 18 விழுக்காடு பணியாளர் அன்பளிப்பையும் சேர்த்தது.

இதில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. நார்வீஜியன் கம்பெனியின் 2015-ஆம் ஆண்டு விதியில், மிக உயர்ந்த விலையுள்ள பேரறைகளில் தங்குவோருக்கு இக்கட்டணம் இல்லை. சன்னலும் இல்லாத உள்ளறையில் தங்குவோர் கட்டணம் செலுத்த, கடலை நோக்கிய மாடத்துடன் கூடிய பேரறையில் தங்குவோருக்கு அதே தட்டு இலவசமாகப் போயிற்று.

தொகை பெரிதன்று. விடுமுறைக்காகப் பல நூறு டாலர் செலவிடுபவனுக்கு எட்டு டாலர் ஒரு பொருட்டா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆயினும் கரையில் எட்டு டாலர் கேட்பது வேறு. கடலில் கேட்பது வேறு. இவ்வேறுபாட்டை நமக்கு எட்டரை நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஓர் அரபிப் பயணி எழுதிவைத்துச் சென்றிருக்கிறார்.

இப்னு ஜுபைர் கண்ட மிதக்கும் சந்தை

ஸ்பெயின் நாட்டின் கிரனாடாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு ஜுபைர், திரும்பும் வழியில் ஹிஜ்ரி 580, அதாவது கி.பி. 1184-ஆம் ஆண்டு, பலஸ்தீனத்தின் அக்காத் துறையில் ஜினோவா நகரத்தார் கப்பல் ஒன்றில் ஏறினார். ஜெரூசலம் சென்று திரும்பும் கிறிஸ்தவ யாத்திரிகர் இரண்டாயிரத்திற்கு மேற்பட்டோர் அக்கப்பலில் இருந்தனர் என்று அவர் கணக்கிடுகிறார். முஸ்லிம் பயணிகள் தனியே ஓரிடத்தில் தங்கினர்.

அக்காலத்தில் கப்பற்கூலி என்பது, பெரும்பாலும் இடத்திற்கும் குடிக்கும் நீருக்கும் மட்டுமே உரியது. உணவை அவரவர் கொண்டுவர வேண்டும். இரண்டு மூன்று வாரத்திற்கென்று கட்டிவந்த உணவு, காற்று எதிர்த்தமையால் தீர்ந்துபோகலாயிற்று. ஆனால் கப்பலுக்குள் எல்லாம் விலைக்குக் கிடைத்தன. ரொட்டி, தண்ணீர், மாதுளை, பேரிக்காய், கொண்டைக்கடலை, வெங்காயம், பூண்டு, அத்தி, பாலாடைக்கட்டி, மீன் என்று அவர் தரும் பட்டியல் நீளுகிறது. ஒரு பட்டணத்துக் கடைத்தெருவே கடலில் மிதந்தது போன்ற காட்சி அது. அதை அவர் வியப்போடு எழுதுகிறாரேயன்றிக் குறை சொல்லவில்லை. கையில் காசுள்ளவருக்கு அது ஓர் அருட்கொடையே.

காசில்லாதவர் நிலை என்ன? அதற்கும் அவருடைய நூலிலேயே விடை இருக்கிறது. அக்கப்பல் சிசிலித் தீவின் மெஸ்ஸினாத் துறையருகே தரைதட்டி உடைந்தது. கரையிலிருந்து சிறு படகுகள் வந்தன. ஆனால் படகுக்காரர்கள் உயிர் காப்பதற்குப் பெருந்தொகை கேட்டனர். கொடுக்க முடிந்தவர் இறங்கினர். ஏழை முஸ்லிம்கள் சிலர் உடைந்த கப்பலிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றனர். அப்போது மெஸ்ஸினாவிலிருந்த சிசிலியின் மன்னர் வில்லியம் அதைக் கண்டு, அவர்களைக் கரைசேர்க்கும் கூலிக்காகத் தம் நாணயத்தில் நூறு ருபாயீ கொடுக்கும்படி கட்டளையிட்டார். வேற்றுச் சமயத்து அரசரின் அந்த ஈகையை இப்னு ஜுபைர் நன்றியுடன் நினைவுகூர்கிறார்.

நம் பொருளின் வேர் இந்நிகழ்ச்சியில்தான் இருக்கிறது. கரையில் ஒருவன் அதிக விலை கேட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். கடலில் அடுத்த கடை இல்லை. படகோட்டியும் தன் உழைப்புக்குத்தான் கூலி கேட்டான்; அவனிடமும் ஒரு நியாயம் உண்டு. எனினும் கேட்ட நேரமும் இடமும், கூலியைப் பேரம் என்னும் நிலையிலிருந்து நெருக்கடி என்னும் நிலைக்கு மாற்றிவிட்டன.

கள்ளிக்கோட்டையில் பேசிய அறை

உணவைப் பற்றி இப்னு ஜுபைர் எழுதினார் என்றால், அறையைப் பற்றி எழுதியவர் இப்னு பதூதா. மதுரை சுல்தான்களின் வரலாற்றை அறிந்த நம் வாசகர்களுக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. தில்லி சுல்தானின் தூதராகச் சீனம் செல்லப் பணிக்கப்பட்டு, கி.பி. 1342-ஆம் ஆண்டையொட்டி அவர் கள்ளிக்கோட்டைக்கு வந்தார்.

அங்கே நின்ற சீனப் பெருங்கப்பல்களில் நான்கு தளங்கள் இருந்தன. வணிகர்களுக்கெனத் தனியறைகள் இருந்தன. உள்ளே பல பகுதிகளும் கழிப்பிடமும் கொண்டு, பூட்டும் திறவுகோலும் உடைய அறைத் தொகுதியை அவர் 'மிஸ்ரிய்யா' என்று குறிப்பிடுகிறார். கழிப்பிடத்திற்கு அவர் எழுதும் சொல், உருது பேசுவோர் வாயில் இன்றும் வழங்கும் 'ஸன்தாஸ்' என்பதே. அறைக்குள் குடும்பத்துடன் இருந்து கதவைப் பூட்டிக்கொண்டால், ஊர் சேரும்வரை அவர் கப்பலில் இருப்பதே மற்றவருக்குத் தெரியாமல் போகக்கூடும் என்கிறார்.

தம்முடன் பெண்கள் வருவதால் பிறர் பங்கு கொள்ளாத அறை ஒன்று வேண்டுமென்று அவர் கேட்டார். கப்பலின் முகவரான ஷாம் நாட்டுக்காரர், நல்ல அறைகளையெல்லாம் சீன வணிகர்கள் போகவும் வரவும் சேர்த்து வாடகைக்குப் பிடித்துவிட்டதாகவும், தம் மருமகனுக்குரிய அறை ஒன்று இருப்பதாகவும், அதில் கழிப்பிடம் இல்லை என்றும் விடை கூறினார். இப்னு பதூதா அதை ஏற்றார். பின்னர் அறை சிறிதென்று அவருடைய ஊழியர் முறையிட, பொருள்களைச் சிறு கப்பலுக்கு மாற்றினார். அன்றிரவின் புயலில் பெருங்கப்பல் உடைந்தது. சிறு கப்பல் அவரை விட்டுவிட்டே பாய் விரித்தது. ஜும்ஆவுக்காகக் கரையில் தங்கியவர் உயிர் தப்பினார்.

முகவர் அறையில் கழிப்பிடம் இல்லை என்பதைக் கப்பல் ஏறுமுன்னரே வெளிப்படையாகச் சொன்னார். குறை இருந்தது; ஆனால் மறைவு இல்லை. நம் சட்ட நூல்களில் 'இஜாரா' என்னும் வாடகை அத்தியாயத்தை ஓதியவர்கள், பெறும் பயனும் கொடுக்கும் கூலியும் முன்கூட்டியே இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்னும் நிபந்தனையை அறிவர். கள்ளிக்கோட்டை முகவரின் பேச்சு அந்நிபந்தனைக்கு ஒத்திருந்தது.

சட்டம் தலையிட்ட காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து ஏழை மக்கள் இலட்சக்கணக்கில் அமெரிக்கா நோக்கிப் புறப்பட்டனர். கீழ்த்தளத்தில் இடத்திற்கு மட்டும் கூலி வாங்கிக்கொண்டு, உணவை அவர்களே கொண்டுவரச் செய்வதே முதலில் வழக்கமாயிருந்தது. பிரயாணம் எத்தனை வாரமாகும் என்பதைக் குறைத்துச் சொல்லி ஏற்றிக்கொண்டு, நடுக்கடலில் உணவு தீர்ந்தபோது பன்மடங்கு விலைக்கு விற்ற கப்பல் தலைவர்களும் உண்டு. மெஸ்ஸினாவின் படகுக்காரரைப் போல நெருக்கடியில் எதிர்ப்பட்டவர்கள் அல்லர் இவர்கள்; நெருக்கடியை எதிர்பார்த்தே சரக்கு ஏற்றியவர்கள்.

இத்தகைய கொடுமைகளைத் தடுக்கப் பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1803 முதல் பயணிகள் சட்டங்களை இயற்றிற்று. 1842-ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொரு பயணிக்கும் வாரத்திற்கு 7 இராத்தல் தானிய உணவும் நாள்தோறும் 3 குவார்ட் தண்ணீரும் கப்பலே தர வேண்டும் என்று விதித்தது. பின்வந்த சட்டங்கள் அவ்வளவை உயர்த்தின. இவ்வாறு, கூலிக்கு வெளியே நின்ற உணவு, சட்டத்தின் கையால் கூலிக்கு உள்ளே வந்தது.

ஹஜ் கப்பல்களின் வரலாறும் இத்திசையிலேயே சென்றது. பம்பாயிலிருந்து ஜித்தா சென்ற நம் முன்னோர் அரிசியும் பருப்பும் மூட்டை கட்டிக்கொண்டு போய்த் தளத்திலேயே சமைத்து உண்டனர். பிற்காலத்தில் சமைத்த உணவு கப்பற்கூலியோடு சேர்ந்தது. 1926-இல் பாரிஸ் நகரில் கையெழுத்தான பன்னாட்டுச் சுகாதார உடன்படிக்கை, ஹஜ் கப்பலில் ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் ஐந்து லிட்டருக்குக் குறையாத குடிநீர் கட்டணமின்றித் தரப்பட வேண்டும் என்றது. 'கட்டணமின்றி' என்ற அச்சொல்லைச் சட்டத்தில் எழுத நேர்ந்தது ஏனென்று எண்ணிப் பார்த்தால், அதற்கு முன்னைய நிலை விளங்கும்.

தட்டு ஏந்திச் செல்லும் பணி

நீராவிக் கப்பல்கள் பெருகியபோது, அறைப் பணியாளர் என்னும் வகுப்பார் தோன்றினர். அட்லாண்டிக் பெருங்கடலில் குளிர்காலப் பிரயாணம் கடுமையானது. உணவுக்கூடத்தில் மேசைகள் பாதி வெறுமையாய்க் கிடக்க, பயணிகள் அறைகளில் படுத்துக் கிடப்பர். அவர்களுக்குக் கஞ்சியும் சாறும் வறுத்த ரொட்டியும் எடுத்துச் சென்று கொடுப்பதும், பெண்களையும் குழந்தைகளையும் கவனிப்பதும் அப்பணியாளரின் கடமையாயிருந்தன. பிரயாண முடிவில் பயணி விரும்பிய அன்பளிப்பைக் கொடுப்பார். ஆகவே, அறைக்குத் தட்டு ஏந்திச் செல்லும் பணி, தொடக்கத்தில் ஆடம்பரத்தை மட்டும் சார்ந்ததன்று. நோயாளிக்குச் செய்யும் ஊழியமும் அதில் பெரும்பங்காக இருந்தது.

உல்லாசத்திற்கென்றே கப்பல் விடும் எண்ணத்தைப் பெரிய அளவில் செயற்படுத்தியவர் ஜெர்மனியின் ஹாம்பர்க்–அமெரிக்கா கம்பெனியை நடத்திய ஆல்பர்ட் பாலின். குளிர்காலத்தில் ஆளின்றிக் கிடக்கும் கப்பலை என் செய்வது என்று சிந்தித்து, 1891 ஜனவரியில் 'அகஸ்டா விக்டோரியா' என்ற கப்பலை 241 பயணிகளுடன் மத்தியதரைக்கடலுக்கு உலாப் போக அனுப்பினார். 1900-இல் அத்தொழிலுக்கென்றே ஒரு கப்பலையும் கட்டுவித்தார்.

கூலியில் சேர்ந்த உணவுக்கு மேலாக, தனிக்காசு கொடுத்து உண்ணும் உணவகத்தைக் கப்பலில் புகுத்தியவரும் அவரே. 1905-இல் ஓடத்தொடங்கிய 'அமெரிக்கா' என்னும் கப்பலில், ரிட்ஸ் ஓட்டல் பெயரால் அவ்வுணவகம் அமைந்தது. அதைப் பின்பற்றி இங்கிலாந்தின் வைட் ஸ்டார் கம்பெனி 1911-இல் 'ஒலிம்பிக்' கப்பலிலும், 1912-இல் 'டைட்டானிக்' கப்பலிலும் அத்தகைய உணவகத்தை வைத்தது. முதல் வகுப்பார் மட்டுமே அங்கு நுழையலாம். அங்கேயே எல்லா வேளையும் உண்பதாக முன்கூட்டித் தெரிவித்தவர்க்குக் கப்பற்கூலியில் ஒரு பகுதி தள்ளிக் கொடுக்கப்பட்டது. கணக்கில் அது நேர்மையான ஏற்பாடே.

ஆனால் அங்கே பணிபுரிந்தவர்களின் கதி நெஞ்சை உருக்குவது. உணவகத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் லூயிஜி காட்டி என்ற இத்தாலியர். அவர் அமர்த்திய அறுபதுக்கு மேற்பட்ட இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும், கப்பற்கம்பெனியின் சம்பளப் பட்டியலில் உள்ளவர்களும் அல்லர், பயணிகளும் அல்லர். கப்பல் மூழ்கிய இரவில் அவர்களில் பிழைத்தவர் மூவர். அம்மூவரில் இருவர் காசாளர்களான பெண்கள்; மற்றவர் ஓர் எழுத்தர். தம் தோழர்களை மேல்தளத்துக்குப் போகவிடாமல் பணியாளர்கள் தடுத்ததாகவும், தாம் பயணியைப் போல உடுத்தியிருந்ததாலேயே போக முடிந்தது என்றும் அவ்வெழுத்தர் பின்னர் நடந்த விசாரணையில் சாட்சியம் சொன்னார். குத்தகைக்காரர் காட்டியும் மடிந்தார். தனிக்கட்டணம் செலுத்தி உண்டவர்களின் பெயர்களை உலகம் நினைவு வைத்தது. தட்டு ஏந்தியவர்களின் பெயர்களை அவர்களுடைய ஊர்களே நினைவு வைத்தன.

சேர்த்ததும் பிரித்ததும்

1958-இல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கியபின், ஊர் சேர்க்கும் கப்பல்களின் காலம் முடிவுற்றது. கப்பல்களுக்குப் புதுவாழ்வு உல்லாசத் தொழிலில் கிடைத்தது. 1966 டிசம்பரில் 'சன்வர்ட்' என்னும் கப்பல் மயாமியிலிருந்து கரீபியன் கடலுக்கு ஓடத்தொடங்கிற்று. ராயல் கரீபியன் 1968-இல் தோன்றியது. கார்னிவல் 1972-இல் தன் முதற் கப்பலை விட்டது. செல்வர்க்கே உரியதாயிருந்த கடலுலாவை நடுத்தரக் குடும்பத்தார் கைக்கு எட்டச்செய்த பெருமை இக்கம்பெனிகளுக்கு உண்டு. "ஒரு தொகை கொடுங்கள், பிறகு பணப்பையைத் திறக்க வேண்டாம்" என்னும் கருத்தே அவர்களுடைய கவர்ச்சியாக இருந்தது. கணக்கெண்ணி வாழும் குடும்பத்துக்கு அது மெய்யான ஆறுதல்.

இருபத்தோராம் நூற்றாண்டில் காற்று திசை மாறிற்று. நார்வீஜியன் கம்பெனி 2000-இல் புகுத்திய புதுமுறையில், கட்டணமில்லாத உணவுக்கூடத்தோடு தனிக்கட்டணம் வாங்கும் உணவகங்கள் பெருகின. மற்றக் கம்பெனிகளும் அவ்வழியில் சென்றன. 2008-இல் அமெரிக்க விமானக் கம்பெனிகள் பெட்டிக்குத் தனிக்கட்டணம் விதித்தபோது, சீட்டின் விலையைக் குறைத்துக் காட்டி மற்றதைத் துண்டு துண்டாக வாங்குவது பிரயாணத் தொழில் முழுவதற்கும் பழகிய வழியாயிற்று. 2019-ஆம் ஆண்டில், மூன்று பெரிய உல்லாசக் கப்பல் கம்பெனிகளின் வருவாயில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பங்கு சீட்டு விலைக்கு வெளியே, பெரும்பாலும் கப்பலுக்குள் செலவிடப்பட்ட பணத்தால் வந்தது.

கம்பெனிகளின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. இலவசம் என்றதும் நான்கு தட்டு வரவழைத்து, ஒன்றை மட்டும் தொட்டுவிட்டு மூன்றை வாசலில் வைப்போரும் இருக்கவே செய்வர். நாள்தோறும் உணவுக்கூடத்திற்கு நடந்து சென்று உண்பவன், நடக்கச் சோம்புபவனின் செலவை ஏன் சுமக்க வேண்டும் என்றும் கேட்கலாம். நெடிய தாழ்வாரங்களும் பத்துப் பன்னிரண்டு தளங்களும் உள்ள கப்பலில், ஒரு தட்டை ஓரறைக்குக் கொண்டுசேர்க்க ஓர் ஆளின் நேரம் செலவாகிறது. அதற்கு விலை உண்டு என்பதை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால் விலையின் நியாயம் வேறு, விலை கேட்கும் முறையின் நியாயம் வேறு. இதற்குச் சான்றாக 2015-இல் நடந்த ஒன்றைச் சொல்லலாம். அறைக்குக் கொண்டுவரக் கட்டணம் விதித்த அதே ஆண்டில், உணவுக்கூடத்திலிருந்து பயணி தானே தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குச் செல்வதையும் நார்வீஜியன் கம்பெனி தடை செய்தது. பயணிகள் கொதித்தெழுந்தனர்; தடை விரைவில் நீக்கப்பட்டது. கட்டணத்தைப் பெரும்பாலோர் முணுமுணுப்போடு பொறுத்துக்கொண்டனர். தடையை எவரும் பொறுக்கவில்லை. காரணம் வெளிப்படை. கொண்டுவர நான் கூலி கேட்பேன், நீயே எடுத்துச் செல்லவும் கூடாது என்றால், அங்கே அடுத்த கடை மட்டுமன்றித் தன் கால்களும் தனக்கு உதவாமல் போகின்றன. ஜினோவாக் கப்பலின் சந்தையில்கூட, தான் கட்டிவந்த மூட்டையை அவிழ்த்து உண்ண எவனுக்கும் தடை இருந்ததில்லை.

சுமப்பவர் பங்கு

இனி, தட்டைச் சுமப்பவர் நிலையைப் பார்ப்போம். கப்பல் பணியாளர்களுக்கென 2006-இல் உருவான பன்னாட்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 2013 ஆகஸ்ட் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015-இல் அதை ஏற்றது. பணிக்காலம் முழுவதும் கப்பல் ஊழியருக்கு உணவும் குடிநீரும் கட்டணமின்றித் தரப்பட வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா முதலிய நாடுகளிலிருந்து சென்று மாதக்கணக்கில் கடலிலேயே வாழும் பல்லாயிரவருக்கு அது பெரிய பாதுகாப்பு.

ஆனால் பயணி செலுத்தும் கட்டணத்தில் அவர்களுடைய பங்கு எவ்வளவு என்பது பயணிக்குத் தெரிவதில்லை. 2024-இல் பெரிய கம்பெனிகள் சில, சாதாரண அறையில் தங்குவோரிடம் தலைக்கு நாளொன்றுக்கு 16 முதல் 20 டாலர் வரை பணியாளர் அன்பளிப்பு என்ற பெயரில் கணக்கில் சேர்த்தன. அறைக்கு உணவு கொண்டுவரும் கட்டணம் அதற்கும் மேல். இரண்டு தலைப்பிலும் கொடுத்துவிட்ட பயணி, கதவைத் தட்டி நிற்கும் இளைஞனுக்கு எல்லாம் போய்ச்சேர்ந்துவிட்டதென்று எண்ணித் தன் பணப்பையை மூடிக்கொள்கிறான். முன்னர்க் கைக்கு நேரே வந்த ஓரிரு டாலரும் அவ்விளைஞனுக்கு அருகிப்போகிறது. அன்பளிப்பு என்பது மனமுவந்து கொடுப்பது. ரசீதில் அச்சிட்டு வந்தால் அது வரியின் சாயலைப் பெறுகிறது. கொடுப்பவனுக்கும் நிறைவில்லை, பெறுபவனுக்கும் நன்றி கிடைப்பதில்லை.

சட்டம் மறுபடியும் மெல்லத் தலையிடுகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், கட்டாயக் கட்டணங்கள் அனைத்தையும் சேர்த்தே விலையை விளம்பரம் செய்ய வேண்டும் என்றது. கப்பற்கம்பெனிகளும் அதற்கேற்பத் தம் விளம்பரங்களை மாற்றிக்கொண்டன. எனினும், கேட்டால்தான் வரும் சேவைக்குரிய கட்டணம் 'கட்டாயம்' என்னும் சொல்லுக்குள் அடங்குவதில்லை. எழுந்து நடக்க முடிந்தவனுக்கு அது விருப்பம்தான். எழ முடியாதவனுக்கு?

இது நமக்குத் தொலைவான செய்தியும் அன்று. 2022-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்தே உல்லாசக் கப்பல் புறப்பட்டது. வெளிநாடுகளில் வாழும் நம் பிள்ளைகள் வயது முதிர்ந்த பெற்றோரைக் கடலுலாவுக்கு அழைத்துச் செல்வதும் உண்டு. செல்பவர்கள் சீட்டு வாங்கும்போதே, எது கூலிக்கு உள்ளே, எது வெளியே என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நன்று. இப்னு பதூதா தில்லி சுல்தானின் தூதராக இருந்தும் அறையில் என்னென்ன உண்டு என்று கேட்கத் தயங்கவில்லை.

என் மாணவர் கப்பலுக்குத் திரும்பும் முன்னர் மீண்டும் வந்தார். இப்னு ஜுபைரின் ஏட்டைத் திறந்து, மெஸ்ஸினாத் துறையின் பக்கத்தை அவருக்கு ஓதிக்காட்டினேன்.

"தம்பி, உழைப்புக்குக் கூலி கேட்பது குற்றமன்று. கரையிலேயே சொல்லிவிட்டுக் கேட்டால், கொடுப்பவன் மனம் நோவதில்லை. அந்த அம்மையாருக்குக் கப்பல் ஏறுமுன் அதைத் தெளிவாகச் சொன்னவர் எவரும் இல்லை. சொல்ல வேண்டிய பொறுப்பு, படுக்கையருகே நின்ற உன்மேல் வந்து விழுந்தது. உன் நாக்குக் கூசியதற்கு அதுதான் காரணம். எழ முடிந்தவனிடம் கட்டணம் வாங்கட்டும். நோயுற்றவருக்கும் முதியவருக்கும் கொண்டுசெல்லும் கஞ்சியைப் பழைய கப்பல்கள் கடமை என்று எண்ணின. அதை மட்டுமாவது இன்றைய கப்பல்களும் கூலிக்குள் வைத்திருக்கலாம்" என்றேன்.

அவர் சற்றுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "அன்றிரவு அந்த அம்மா கோப்பையைப் பிடிக்கக் கை நடுங்கினார், ஹஜ்ரத். நான் நின்று குடிக்கவைத்துவிட்டுத்தான் வந்தேன். அதற்கு ரசீது போடவில்லை" என்றார்.